பையன் எங்கே போயிருந்தான்?

சித்திக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பது பத்து வருடமாக என் வேலை. வங்கியில் இருக்கிறாள். ஆங்கிலம் வேகமாக வாசிப்பாள், பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். நாற்பத்து மூன்று வயதில் விவாகரத்துத் தீர்ப்பு கைக்கு வந்த பிறகு ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "அழ வைக்கிறது எதுவும் வேணாம்டி. அழுது முடிச்சாச்சு."

என் அலமாரியைத் திரும்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது. கணவனைப் பிரிந்த பெண்கள் வருகிற புத்தகங்கள் நிறையவே இருந்தன. அவர்களில் ஒருத்தியாவது கடைசிப் பக்கத்தில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாளா என்றால், இல்லை. கடைசியில், பழைய புத்தகக் கடையில் வாங்கிப் போட்டு நானே வாசிக்காமல் வைத்திருந்த ஒன்றைத் தூக்கிக் கொடுத்தேன். டெர்ரி மக்மில்லன் 1996இல் எழுதிய 'ஹவ் ஸ்டெல்லா காட் ஹர் க்ரூவ் பேக்'. க்ரூவ் என்பது இசைத்தட்டில் ஊசி ஓடும் பள்ளம். பேச்சில் அது தாளம், துள்ளல், உடம்பின் லயம் என்றெல்லாம் விரிந்துவிட்டது. தடம் தவறிய ஊசி மறுபடி தன் பள்ளத்தில் விழுந்த கதை என்று தலைப்பைப் புரிந்துகொள்ளலாம்.

கதை சின்னது. ஸ்டெல்லா பெய்ன், கலிஃபோர்னியாவில் வசிக்கும் கறுப்பினப் பெண். வயது 42, விவாகரத்தானவள், பதினோரு வயது மகன் குவின்சி. நிதித் துறையில் கை நிறையச் சம்பளம். திடீரென்று ஜமைக்காவுக்கு டிக்கெட் போட்டுத் தனியாகக் கிளம்புகிறாள். அங்கே வின்ஸ்டனைச் சந்திக்கிறாள். அவனுக்கு இருபது முடிந்து இருபத்தொன்று ஆகப்போகிறது. காதல் வருகிறது. ஊர் திரும்பினால் வேலை போய்விட்டிருக்கிறது. சகோதரிகளில் ஒருத்தி திட்டுகிறாள், ஒருத்தி கைதட்டுகிறாள். கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள். இவ்வளவுதான்.

சித்தி திருப்பிக் கொடுத்தபோது காதலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வயது வித்தியாசம் பற்றியும் சொல்லவில்லை (நான் அதைத்தான் எதிர்பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன்). "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அவ போறப்ப பையன் எங்க போயிருந்தான், கவனிச்சியா?" என்று கேட்டாள். நான் வாசிக்கவே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அன்றிரவே எடுத்து உட்கார்ந்தேன்.

பையன் அப்பாவிடம் போயிருக்கிறான். கோடை விடுமுறைக்குக் கொலராடோ. நாவல் தொடங்குவதே அந்த வெற்று வீட்டில்தான். பல வருடங்களில் முதல்முறையாக யாருக்கும் சாப்பாடு செய்யவேண்டாம், யாரையும் எங்கேயும் கொண்டுபோய் விடவேண்டாம். அந்தக் காலி வீடு இல்லாமல் ஜமைக்கா இல்லை, வின்ஸ்டன் இல்லை. இந்த வகை நாவல்களில் எல்லோரும் காதலனையும் கடற்கரையையும் பார்க்கிறோம். எந்த வாரம் குழந்தை யாரிடம் என்று தீர்மானித்து வைத்த ஓர் ஏற்பாடுதான் பின்னால் இருந்து வண்டியை இழுக்கிறது. ஸ்டெல்லா இரண்டாவது முறை ஜமைக்கா போகும்போது மகனையும் தங்கை மகளையும் கூட்டிப்போகிறாள். வின்ஸ்டன் அதே வின்ஸ்டன், கடல் அதே கடல். ஆனால் எழுத்தின் நடை மாறிவிடுகிறது. இப்போது அவள் ஒரு கண்ணைப் பிள்ளைகள் மேல் வைத்துக்கொண்டுதான் காதலிக்கவேண்டும்.

சித்தியின் கணக்கு வேறு. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, தலா இரண்டு மணி நேரம் அப்பா பையனைப் பார்க்கலாம். அந்த இரண்டு மணி நேரமும் இவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஸ்டெல்லாவை அங்கேதான் வாசித்து முடித்திருக்கிறாள். அப்புறம் அந்தக் கேள்வி வராமல் எப்படி இருக்கும்?

நாவலின் நடையைப் பற்றிச் சொல்லவேண்டும். முற்றுப்புள்ளியே வராமல் அரைப் பக்கத்துக்கு ஓடும் வாக்கியங்கள். ஸ்டெல்லா குளிக்கிறாள், உடை தேர்ந்தெடுக்கிறாள், தன் தொடையைத் திட்டுகிறாள், செத்துப்போன அம்மாவை நினைக்கிறாள், ஃப்ரிட்ஜைத் திறக்கிறாள், எல்லாம் ஒரே மூச்சில். முதல் ஐம்பது பக்கம் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எடிட்டர் எங்கே போனார் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதியும் வைத்தேன். பிறகு பிடிபட்டது. வருடக்கணக்காகப் பையனிடமும் அலுவலகத்திலும் மட்டுமே பேசிக்கொண்டிருந்த ஒருத்திக்குத் தன்னோடு பேச நேரம் கிடைத்திருக்கிறது. அதுதான் இப்படிக் கொட்டுகிறது. வின்ஸ்டன் வருவதற்கு முன்பே அவள் உற்சாகமாகிவிட்டாள். ஓரிடத்தில் மக்மில்லனின் முந்தைய நாவலான 'வெய்ட்டிங் டு எக்ஸேல்' பற்றி, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்கிற தொனியில் ஸ்டெல்லாவே நொட்டை சொல்வாள். தன்னையே கிண்டலடிக்கும் அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்.

குறை இல்லாமல் இல்லை. ஜமைக்கா என்பது இதில் பெரும்பாலும் ஓட்டல் வளாகம்தான். அதற்கு வெளியே வாழ்கிறவர்கள் பரிமாறவும் பாட்டுப் பாடவும் மட்டும் வருகிறார்கள். வின்ஸ்டன் அழகன், மரியாதையானவன், பொறுமைசாலி. இருபது வயதுப் பையன் ஒருவன்கூட நிஜத்தில் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. அவன் ஆசையாகவே இருக்கிறான், ஆளாக ஆகவில்லை.

ஆனால் பலர் இந்த நாவலை ஒதுக்கியது இதற்காக இல்லை. வாழ்க்கையில் நடந்ததற்காக. மக்மில்லன் 1995இல் ஜமைக்காவில் ஜானதன் பிளம்மரைச் சந்தித்தார். அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார், இவர் நாற்பதைத் தாண்டியிருந்தார். நாவல் அங்கிருந்து பிறந்தது. ஏஞ்சலா பாஸெட் நடித்த படம் வெளியான 1998இலேயே இருவரும் திருமணமும் செய்துகொண்டார்கள். பிளம்மர் பின்னால் தான் தன்பால் ஈர்ப்பாளர் என்று சொன்னார். 2005இல் விவாகரத்து. ஓப்ரா வின்ஃப்ரியின் நிகழ்ச்சியில் இருவரும் உட்கார்ந்து பேசியதை அமெரிக்காவே பார்த்தது. ஸ்டெல்லாவின் க்ரூவ் போயே போச்சு என்கிற ரீதியில் எத்தனையோ நகைச்சுவைகள். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குள்ளும் ஓர் அற்பத் திருப்தி எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. பாத்தியா, நான் அப்பவே நினைச்சேன்.

அந்தத் திருப்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது நோரா எஃப்ரான் நினைவுக்கு வந்தார். அவருடைய 'ஹார்ட்பர்ன்' 1983இல் வெளிவந்தது. வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொண்டுவந்த பத்திரிகையாளர்களில் ஒருவரான கார்ல் பெர்ன்ஸ்டீனுடனான தன் திருமணம் உடைந்ததை வைத்து எழுதியது. கதாநாயகி ரேச்சல் ஏழு மாதக் கர்ப்பிணி. கணவனுக்கு வேறொரு பெண்ணோடு உறவு. அவள் சமையல் புத்தகம் எழுதுகிறவள், அதனால் அழுகைக்கு நடுவே சமையல் குறிப்பும் வரும். கடைசியில் எலுமிச்சைப் பையைக் கணவன் முகத்தில் அடிக்கிறாள். அபாரமான புத்தகம்.

இதே எஃப்ரான் 1987இல் நிக்கலஸ் பிலெஜ்ஜியைத் திருமணம் செய்து, 2012இல் இறக்கும்வரை அவரோடு வாழ்ந்தார். அதைக் காரணம் காட்டி 'ஹார்ட்பர்ன்' பொய்த்துவிட்டது என்று யாராவது சொன்னார்களா? அந்த வலி தற்காலிகமானதுதானே, பின்னால் சரியாகிவிட்டதே என்று கேட்டார்களா? இல்லை. துக்கத்தை எழுதியவர் பிறகு சந்தோஷமாக வாழ்ந்தால் துக்கம் உண்மையாகவே இருக்கிறது. சந்தோஷத்தை எழுதியவர் பிறகு அழுதால் மட்டும் சந்தோஷம் பொய்யாகிவிடுகிறது. என் அலமாரியும் இந்த விதிப்படிதான் அடுக்கப்பட்டிருக்கிறது. ஜமைக்காவில் ஸ்டெல்லா குதிரை ஏறியதும் கடலில் இறங்கியதும், எழுதியவரின் வாழ்வில் ஒன்பது வருடம் கழித்து நடந்த ஒன்றால் எப்படி நடக்காமல் போகும்?

மக்மில்லன் நிறுத்தவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அவ்வளவு பேர் சிரித்த பிறகு, அறுபதைத் தாண்டிய வயதில், 2016இல் 'ஐ ஆல்மோஸ்ட் ஃபர்காட் அபௌட் யூ' எழுதினார். கதாநாயகி ஜார்ஜியா யங் கண் பரிசோதகர், ஐம்பதைத் தாண்டியவர், இரண்டு முறை விவாகரத்தானவர். கல்லூரிக் காலத்தில் நேசித்த ஒருவன் இறந்துவிட்டான் என்று தெரியவருகிறது. தான் காதலித்த மற்ற ஆண்களைத் தேடிப்பிடித்து, நீ எனக்கு முக்கியமானவனாக இருந்தாய் என்று சொல்லிவிடவேண்டும் எனக் கிளம்புகிறார். முன்னாள் கணவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஆக வீடு காலியாக யாரும் அனுமதி தரவேண்டியதில்லை. ஸ்டெல்லாவிடம் இருந்த மூச்சிரைப்பு இதில் இல்லை. எல்லாம் கொஞ்சம் சௌகரியமாக நடந்துவிடுகிறது, முடிவு எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் ஸ்டெல்லாவைத்தான் எடுப்பேன். ஆனால் முன்னாள் கணவனிடம் நன்றி சொல்லப் போகிற பெண்ணை, அதுவும் கேலியாக இல்லாமல், நான் அதுவரை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அதையும் சித்தியிடம் கொடுத்தேன். 2005 சமாச்சாரத்தையும் சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு, "பாவம், ரெண்டு பேருமே" என்றாள். அதற்கு மேல் பேச்சில்லை. போன சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு எதுவரை வந்திருக்கிறாள் என்று கேட்டேன்.

"மூணாவது ஆளைத் தேடிக்கிட்டு இருக்காடி. அதுக்குள்ள பையன் வெளிய வந்துட்டான்."