இறைவனோடு ஒரு வழக்கு: எலீ வீசலின் 'இரவு'

துன்பம், இறைப்பற்றை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் என்பது தமிழிலக்கிய மரபில் ஊறிய கருத்து. பெரிய புராணத்தில் நாவுக்கரசர் ஏழு நாள் நீற்றறையில் அடைபட்டும் ஊறின்றி வெளிவருகிறார். சுடுகாடு காத்த அரிச்சந்திரன் மனைவியை வெட்ட வாளை ஓங்கும் வேளையில் தெய்வம் தோன்றி அருள்கிறது. இக்கதைகளில் சோதனைக்கு முடிவு உண்டு. முடிவில் அருளும் உண்டு. ஆனால், யாரும் வந்து தடுக்காமல் வாள் இறங்கியே விட்டால் பற்று என்னவாகும்? அந்த வினாவை எழுப்பும் நூலே எலீ வீசலின் 'இரவு'.

வீசல் 1928இல் ருமேனியாவின் சிகெட் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1940இல் அவ்வூர் ஹங்கேரியின் ஆட்சிக்குட்பட்டது. 1944 மே மாதத்தில் அவ்வூர் யூதர்கள் சரக்கு வண்டிகளில் அடைக்கப்பட்டு, நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். வீசலின் தாயும் இளைய தங்கையும் அங்கே கொல்லப்பட்டனர். தந்தையும் பதினைந்து வயது மகனும் ஒருவருக்கொருவர் துணையாக எஞ்சினர். இவ்வனுபவத்தை வீசல் யூதர்களின் இட்டிஷ் மொழியில் விரிவாக எழுதி 1956இல் வெளியிட்டார். பின்னர்ப் பெரிதும் சுருக்கி 1958இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார்.

இறைப்பற்று மிக்க சிறுவன் ஒருவன் நாத்திகனாகும் கதை என்று இந்நூலை மதிப்பிடுவோர் பலர். அதற்குச் சான்றுகளும் உள்ளன. முகாமில் ஒரு சிறுவன் தூக்கிலிடப்படும்போது, இறைவன் எங்கே என்று ஒருவர் கேட்கிறார். இறைவனும் அதே தூக்குமரத்தில் தொங்குவதாகக் கதை சொல்லும் எலியேசரின் உள்ளம் விடையளிக்கிறது. யூதர்கள் நோன்பிருக்கும் யோம் கிப்பூர் நாளில் அவன் வேண்டுமென்றே உண்கிறான். தந்தையின் சொல்லுக்கு இணங்கியது ஒரு காரணம். இறைவனின் மௌனத்தை எதிர்த்தது மற்றொரு காரணம்.

எனினும், எதிர்ப்பு வேறு, மறுப்பு வேறு. இல்லாத ஒருவரோடு யாரும் வழக்காடுவதில்லை. நூலின் தொடக்கத்தில் மொய்ஷே என்னும் ஏழைத் தொண்டர், இறைவனிடம் சரியான வினாக்களைக் கேட்கும் ஆற்றலை வேண்டுவதே வழிபாடு என்று சிறுவனுக்குக் கற்பிக்கிறார். முகாமில் எலியேசர் செய்வதும் அதுதான். தொழுகை நின்றது, வினா நிற்கவில்லை.

அடுத்து எழுவது உயிர்வாழும் விருப்பத்தைப் பற்றிய வினா. அக்கிபா துரூமர் என்பவர், இத்துன்பம் இறைவன் வைத்த சோதனை என்று கூறிப் பிறரைத் தேற்றியவர். அந்நம்பிக்கை பிளவுற்றதும் அவருடைய வாழும் விருப்பமும் அற்றுப்போகிறது. கொல்லப்பட அழைத்துச் செல்லப்படுமுன், மூன்று நாள் கழித்துத் தமக்காக நீத்தார் வழிபாடு செய்யுமாறு வேண்டுகிறார். நண்பர்கள் வாக்களிக்கிறார்கள், மறந்தும் போகிறார்கள். நம்பிக்கை குலைந்த துரூமர் மடிய, அதே நிலையிலுள்ள எலியேசர் ஏன் மடியவில்லை? அவனுக்குத் தந்தை இருந்தார். 1945 சனவரியில் பனியில் கைதிகளை ஓட்டிச் சென்றபோது, இறந்துவிடலாம் என்று தோன்றிய கணத்தில் அவனைத் தடுத்தது தந்தையின் அருகாமையே.

அவ்வோட்டத்தில் எலியாகு என்னும் மதகுரு பின்தங்க, அவருடைய மகன் அதையறிந்தும் முன்னே ஓடிவிடுகிறான். இதையுணர்ந்த எலியேசர், தான் நம்பாத இறைவனிடமே வேண்டுகிறான்: அந்த மகனைப்போல் தான் ஆகிவிடாதிருக்க வலிமை வேண்டும் என்று. இதுவே நூலின் உயிர்நிலை. உணவும் விடுதலையும் வேண்டி எழாத வழிபாடு, மகனாக நிலைத்திருக்க வேண்டி எழுகிறது.

அவ்வேண்டுதல் பலித்ததா? புக்கென்வால்ட் முகாமில் நோயுற்ற தந்தை மகன் பெயர் சொல்லி அழைக்கிறார். அதிகாரியின் அடிக்கு அஞ்சிய மகன் அசையாதிருக்கிறான். சனவரி 29ஆம் நாள் விடியலில் அப்படுக்கையில் வேறொரு நோயாளி கிடக்கிறார். மகனுக்கு அழுகை வரவில்லை. சுமை நீங்கிய உணர்வும் உள்ளே தலைகாட்டியதை வீசல் மறைக்காமல் எழுதுகிறார். தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் இவ்வாய்மையே, இறைவன்மீது அவர் தொடுத்த வழக்குக்குத் தகுதியளிக்கிறது.

தந்தையின் மறைவுக்குப் பின் ஏப்ரல் 11ஆம் நாள் விடுதலை வரையிலான காலம் சில பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது. இதை அமைப்புக் குறையெனக் கருதுவோர் இருக்கலாம். ஆயினும், சொல்வதற்கு அவனிடம் வாழ்வே எஞ்சவில்லை என்பதையே அச்சுருக்கம் உணர்த்துகிறது. இறுதியில் கண்ணாடியில் அவனை நோக்குவது ஒரு பிணத்தின் பார்வை.

இந்நூலை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர், மன உறுதியுடையோர் பிழைத்தனர் என்று எளிய நீதி புகட்டுதல் கூடாது. மாண்டவர் உறுதியற்றவர் என்னும் பழி அதனால் நேரும். துன்பம் எல்லாரையும் புடமிடுவதில்லை. சிலரைச் சாம்பலாக்கவும் செய்யும். அச்சாம்பலுக்கு நடுவே மகனாகவே இருக்க விரும்பி, அதிலும் தவறி, அத்தவற்றை உலகறியச் சொன்ன ஒருவரின் குரலை மாணவர் கேட்கட்டும்.