பெயரும் பரிகாசமும்

விநாயகர் சதுர்த்தியன்று கலைஞர் தொலைக்காட்சி ‘விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சிகள்’ என்றே அறிவித்து வந்துள்ளது. விழாவின் பெயரை விடுத்ததேன் என அரசியலார் குறைகூறினால், இணையத்தில் நையாண்டியே விடையாகிறது. குறைகூறுவோரின் உள்நோக்கத்தை நாம் ஐயுறலாம். ஆயினும் நகைப்பு நியாயத்துக்கு மறுமொழியாகாது. வலியோரைச் சுடுவதே நல்ல அங்கதம். இதுவோ எளிய பக்தரையும் சேர்த்தே சுடுகிறது.

2014-இல் நடுவண் அரசு, வாஜ்பாய் பிறந்தநாளான டிசம்பர் 25-ஐ ‘நல்லாட்சி தினம்’ என அறிவித்தபோது, கிறிஸ்து பிறப்பு விழா மறைக்கப்படுகிறதே என நாம் வருந்தினோம் அன்றோ? அரூரில் அண்டை வீட்டார் கொழுக்கட்டையுடன் நம் வாசலுக்கு வருகையில், ‘விடுமுறை வாழ்த்துகள்’ என்போமா? நாம் வேண்டும் மரியாதையை முதலில் பிறர்க்கு அளிப்போம். நற்செய்தி நமக்குத் தந்த அளவுகோல் அதுவே.