தெருவும் இசைத்தட்டும்

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி தோடியைப் பற்றியது அல்ல, பிள்ளையவர்களைப் பற்றியது. அவருடைய கோபம், அவருடைய தாராளம், எந்த ஊரில் எத்தனை மணி நேரம் வாசித்தார் என்ற கணக்கு. சங்கீதத்துக்கு வரும்போது 'பொழிந்தார்' என்ற வினைச்சொல்லோடு காரியம் முடிந்துவிடுகிறது. மழைக்குக் குடை பிடிக்கலாம். விமர்சனம் எழுத முடியாது.

1956இல் மறைந்தவரைத் தெருவில் நின்று கேட்டவர்கள் இன்று அநேகமாக இல்லை. நமக்கு மிஞ்சியிருப்பது இசைத்தட்டு. 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகம். இரண்டு பக்கமும் சேர்ந்து ஏழு நிமிஷம் தேறுவது கஷ்டம். தஞ்சாவூர்க்காரர்கள் இதைச் சொல்லி வருத்தப்படுவார்கள். கீழவீதியில் எடுத்த ராகம் தெற்கு வீதி திரும்பியும் முடியாது, தட்டில் கிடைப்பது வெறும் மாதிரி என்பார்கள். இந்த வருத்தத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு.

தெருவில் நடப்பது என்ன? சிறு வயதில் குடமுருட்டிக் கரையில் ஒரு கிராமத்து உற்சவத்தில் நின்றது ஞாபகமிருக்கிறது. மல்லாரி முடிந்து ஆலாபனை ஆரம்பித்தது. சாகித்யம் இல்லை, தாளக் கணக்கு இல்லை. ஒத்து ஒரே ஸ்ருதியைப் பிடித்துக்கொண்டிருக்க, தவில் இடையிடையே பேசியது. அடுத்த பிடி என்ன என்று கேட்பவனுக்குத் தெரியாது. வாசிப்பவருக்கும் முழுக்கத் தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. தவில் பக்கம் நின்றவன் கேட்டது ஒன்று, திண்ணையில் உட்கார்ந்தவன் கேட்டது வேறு. மறுநாள் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. அதனால் கதைகள் பெருகின. விமர்சனம் முளைக்கவில்லை.

வாசிக்கும்போதே உண்டாகும் சங்கீதத்தை எப்படிக் கேட்பது என்ற இதே பிரச்னை ஜாஸிலும் உண்டு. 1960 டிசம்பரில் ஆர்னெட் கோல்மன் நியூயார்க்கில் ஒலிப்பதிவு செய்த 'ஃப்ரீ ஜாஸ்' மறு வருஷம் வெளிவந்தது. எட்டுப் பேர், இரண்டு நால்வர் குழுக்கள். ஸ்டீரியோவில் ஒரு குழு இடது காதுக்கு, மற்றது வலது காதுக்கு. ஒரே மூச்சாக வாசித்த 37 நிமிஷத்தை நடுவில் தட்டைத் திருப்பிப் போட்டுத்தான் கேட்க முடியும். முன்பே தீர்மானித்த சிறு பகுதிகள் ஒவ்வொருவர் முறையையும் பிரிக்கின்றன. ஒருவர் முறையில் மற்றவர்கள் இஷ்டப்படி குறுக்கிடலாம். முதல் தடவை கேட்டபோது எனக்கு அது இரைச்சல். பத்தாவது தடவை, கோல்மனுக்கு எரிக் டால்ஃபி எங்கே பதில் சொல்கிறார், எங்கே சொல்ல மறுக்கிறார் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது.

இதற்கு ஒரு விலை உண்டு. பத்தாவது தடவை எதுவும் எதிர்பாராததாக இல்லை. அந்தக் கணத்தில் தோன்றியது மனப்பாடமாகிவிடுகிறது. தட்டிலிருந்து ராஜரத்தினத்தின் பிருகாக்களை அப்படியே எடுத்து வாசிப்பவரின் தோடியில் குறை ஒன்றும் இராது, அபாயம்தான் இராது.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நம் மேளத்தில் இரண்டாவது நாயனம் முதல் நாயனத்துக்காகக் காத்திருக்கும். முந்திக்கொண்டால் மரியாதைக் குறைவு. நம்முடைய சுதந்திரம் ஒரு தனி ஆளின் சுதந்திரம். எட்டுப் பேர் ஒரே சமயத்தில் சுதந்திரமாக இருப்பது என்ற எண்ணமே நமக்குப் பழக்கமில்லை.

ஆனால் அந்தத் தனி ஆள் எதற்காகப் போராடினார்? கோயில் மேளக்காரர் மேல்சட்டையில்லாமல், நின்றபடி வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில் அவர் கிராப்பு வைத்துக்கொண்டார், சட்டை போட்டுக்கொண்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார். 'ஃப்ரீ ஜாஸ்' பதிவான அதே 1960இல் அமெரிக்கத் தெற்கில் கறுப்பு மாணவர்கள் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய உணவு மேஜைகளில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். இரண்டையும் சமமாக்குவது சோம்பேறித்தனம். எனினும் உட்காருவதே ஒரு கோரிக்கையாக இருந்த இரண்டு இடங்களிலிருந்து இந்த இரண்டு சங்கீதங்களும் வந்திருக்கின்றன என்பதை மறந்து கேட்பதும் சோம்பேறித்தனம்தான்.

அவர் வாத்தியத்தையும் விடவில்லை. தெருவைக் கிழித்துக்கொண்டு போகும் திமிரி நாயனத்தை விட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்த நீண்ட பாரி நாயனத்துக்கு வந்தார். ஸ்ருதி இறங்கிற்று. ஒத்துக்குப் பதில் தம்புராவை வைத்துக்கொண்டார். தம்புராவைத் தூக்கிக்கொண்டு யாரும் சுவாமி பின்னால் நடப்பதில்லை. தெருவை விட்டு மேடைக்கும் மைக்குக்கும் நகர்ந்தவர் அவரே. அவர் பெயரைச் சொல்லித் தெருவுக்காக ஏங்குவது அவர் செய்த காரியத்துக்கு எதிராக ஏங்குவது.

ஆகவே தட்டை மாதிரி என்று ஒதுக்க வேண்டாம். மூன்று நிமிஷத்தில் ஊசி தூக்கப்படும் என்று தெரிந்து வாசித்த வாசிப்பு அது. காந்தாரத்தில் எத்தனை நேரம் நின்றார், பஞ்சமத்தை எங்கே தாண்டினார், எங்கே மூச்சு வாங்கினார் என்று யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டு நான்கு பாரா எழுதட்டும். தப்பாக எழுதினாலும் பாதகமில்லை. தட்டு இருக்கிறது, இன்னொருவர் போட்டுக் கேட்டு மறுக்கலாம்.