குண்டூசி குத்தும் இடம்

மிஷின் சத்தம் கேட்ட பிறகுதான் தையல் ஆரம்பித்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், நல்ல தையலில் பாதி அதற்கு முன்பே மேசை மேல் முடிந்துவிடுகிறது. இரண்டு துண்டுகளை அடுக்கி, எந்த இடம் எந்த இடத்தோடு சேர வேண்டும் என்று முடிவுசெய்து, அங்கே குண்டூசி குத்துகிறார்களே, அந்த வேலையைத்தான் நான் நின்று ரசிப்பேன். மிஷின் அந்த முடிவுக்கு நூல் போடுகிறது, அவ்வளவுதான்.

குண்டூசி ஏன் தேவை என்பது மிஷினுக்குள்ளேயே இருக்கிறது. ஊசிக்குக் கீழே இருக்கும் பல்தான் துணியை நகர்த்துகிறது. அந்தப் பல் தொடுவது கீழ்த்துணியை மட்டும். மேல்துணியை ‘ஃபுட்’ என்னும் பாதம் அழுத்திப் பிடித்திருக்கிறது. அதனால் கீழ்த்துணி முந்தும், மேல்துணி பின்தங்கும். ஒரே அளவில் வெட்டிய இரண்டு துண்டுகளைத் தைத்து முடிக்கையில் மேல்துணி மட்டும் கொஞ்சம் நீண்டு நிற்பது இதனால்தான். வெட்டியது தப்பு என்று எண்ணி அந்த நீட்டலைக் கத்தரித்து விடுபவர்கள் உண்டு. வெட்டு சரிதான், வழியில்தான் துணி நழுவியிருக்கிறது.

கட்டம் போட்ட துணியில்தான் இந்தக் கலை முழுசாகத் தெரியும். மதராஸ் செக்ஸ் சட்டையின் பக்கத் தையலை எடுத்துக்கொள்ளுங்கள். சாயம் ஏற்றிய நூலாலேயே நெய்தது என்பதால் துணியின் இரு பக்கமும் கட்டம் ஒன்றுபோல் தெரியும். குத்துகிறவருக்கு அது பெரிய வசதி. முன்துண்டின் சிவப்புக் கோடு பின்துண்டின் சிவப்புக் கோட்டில் போய்ச் சேர வேண்டும். தையல் விழப்போகும் இடத்தில், சிவப்பின் சரி நடுவில், குண்டூசியைச் செங்குத்தாக இறக்குகிறார்கள். கீழ்த்துணியைப் புரட்டினால் முனை அங்கேயும் சிவப்பின் நடுவில் வந்திருக்க வேண்டும். வந்தாலும் வேலை முடியவில்லை. ஊசியைச் சாய்த்து முனையை மறுபடி மேலே எடுக்கிற அந்த நொடியில் துணி ஓரிழை ஈரிழை நகரப் பார்க்கும். கைதேர்ந்தவர்கள் அந்தப் புள்ளியை இடது கைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, மூன்று நான்கு இழை மட்டும் எடுத்து முனையை வெளியே விடுவார்கள். ஆர்வத்தில் அரை அங்குலம் எடுத்தால் துணி மேடு தட்டும், கோடு விலகும்.

ஊசி தையல் கோட்டுக்குக் குறுக்கே இருக்க வேண்டும், தலை துணியின் ஓரத்துப் பக்கம். மிஷின் ஊசி நெருங்கும்போது வலது கை அதை உருவ அப்போதுதான் வாகாக இருக்கும். உருவாமல் மேலேயே ஓட்டுகிறவர்களை நான் ஒப்புக்கொள்வதில்லை. மிஷின் ஊசி அதன்மேல் பட்டால் முனை மழுங்கும், சில சமயம் உடைந்தே தெறிக்கும்.

குத்துவதிலும் ஒரு வரிசை உண்டு. ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை வரிசையாகக் குத்திக்கொண்டே போனால், மிச்சத் துணி எல்லாம் கடைசியில் வந்து குவியும். முதலில் இரண்டு முனை, பிறகு நடு, அப்புறம் ஒவ்வொரு பாதிக்கும் நடு. துணி மேசையிலேயே கிடக்க வேண்டும், மடியில் தூக்கி வைத்தால் அதன் எடையே அதை இழுத்துவிடும்.

கை வைக்கும் இடத்தில் இந்தச் சாதுரியம் உச்சத்துக்குப் போகிறது. கோட்டு போன்ற உடையில் கையின் மேல்வளைவைக் கைக்குழியைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் நீளமாகவே வெட்டுவார்கள், தோள் அசைய இடம் வேண்டுமே. அந்த மிகுதி ஒரு சுருக்கம்கூடத் தெரியாமல் உள்ளே போக வேண்டும். தோள் தையலையும் அக்குளையும் முதலில் பொருத்திவிட்டு, கைத்துணி வெளிப்பக்கம் வரும்படி இரண்டையும் விரல்கள்மேல் வளைத்துப் பிடிப்பார்கள். வளைவின் வெளிப்பக்கத்துக்கு நீளம் கூடுதலாக வேண்டும், அதனால் மிகுதி தானாகப் பரவிக்கொள்ளும். அங்கங்கே நெருக்கமாகக் குத்தி, மிஷினில் கைத்துணியைக் கீழே வைத்து ஓட்டினால், முன்பு தொல்லை கொடுத்த அதே பல் இங்கே உதவிக்கு வந்து மிகுதியை உள்ளிழுத்துக்கொள்கிறது.

பட்டு வேறு உலகம். காஞ்சிபுரம் பட்டு ஜாக்கெட்டில் துளை விழுந்தால் அது மறையாது. மெல்லிய ஊசியை எடுத்து, தையலுக்கு வெளியே, உள்ளே மடியப்போகும் பகுதியில் மட்டும் குத்த வேண்டும். வெல்வெட்டுக்குக் குண்டூசி மட்டும் போதாது, ஓட்டுத் தையல் போட்டே ஆக வேண்டும். ரெக்ஸினில் குத்தவே கூடாது, கிளிப்தான். பிளாஸ்டிக் தலை ஊசி இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகித் துணியில் ஒட்டும், கண்ணாடித் தலைக்கு அந்தப் பயம் இல்லை.

இந்தச் சின்னப் பொருளைப் பொருளாதாரமே கவனித்திருக்கிறது. ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ நூலின் முதல் அத்தியாயத்திலேயே குண்டூசிப் பட்டறை வருகிறது. ஒரு குண்டூசி செய்வதைச் சுமார் 18 வேலைகளாகப் பிரித்துக்கொண்டு, பத்துப் பேர் ஒரே நாளில் 48,000 குண்டூசிக்கு மேல் செய்ததாக அவர் கணக்குச் சொல்கிறார். எனக்கு அதைவிடப் பிடித்தது பாரிஸின் உடை வடிவமைப்பாளர் மதலேன் வியோனே செய்த வேலை. தாளில் படம் வரையாமல், ஒரு சிறிய மரப் பொம்மைமேல் துணியைச் சுற்றிக் குண்டூசி குத்திக் குத்தியே அவர் உடையை உருவாக்கினார். குறுக்கு வெட்டுத் துணி உடம்பைத் தழுவி விழும் அந்த அழகு அவரால்தான் புகழ்பெற்றது.

நம் கடைத்தெரு டெய்லர்களில் பலர் குண்டூசியைத் தொடுவதே இல்லை. இடது கை விரல்களை இரண்டு துணிக்கும் நடுவில் விட்டு, கீழ்த்துணியை லேசாகப் பிடித்து நிறுத்தி, மேல்துணியைத் தளர்த்தி அனுப்புவார்கள். ஆண்டுக்கணக்கில் தைத்துத் தைத்து வந்த திறமை அது, வணங்கத் தக்கது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு, தையல் கற்க ஆரம்பித்தவர்கள் குண்டூசியை ஒதுக்குவது சரியில்லை. அந்த டெய்லர்களிலும் பொறுப்பானவர்கள் பட்டு வந்தால், கட்டம் வந்தால் குண்டூசி டப்பாவைத் திறக்கத்தான் செய்கிறார்கள்.

அடுத்த முறை கட்டம் போட்ட சட்டை வாங்கும்போது காலரையும் பொத்தானையும் பார்த்த கையோடு பக்கத் தையலையும் பாருங்கள். அக்குளிலிருந்து அடிவரை கோடு கோட்டோடு சேர்ந்திருந்தால், கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.