வெள்ளம் 'காவு' கொண்டதா?

2024 நவம்பர் 26ஆம் திகதி, நிந்தவூர் மத்ரஸா ஒன்றிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தில் அகப்பட்டுக் குடைசாய்ந்தது. இப்படியொரு துயரம் நேர்ந்தால் நமது செய்தித் தமிழும் இரங்கற்பாவும் யோசியாமல் எடுக்கும் தொடர்கள் உண்டு: 'வெள்ளம் காவு கொண்டது', 'நீருக்குப் பலியாகினர்', 'இயற்கையின் கோரத் தாண்டவம்'.

காவும் பலியும் தெய்வத்துக்குக் கொடுக்கும் படையலின் சொற்கள். தண்ணீரைப் பசித்த தெய்வமாக்கிவிட்டால் அதனிடம் கேள்வி இல்லை. பாதைக்குப் பொறுப்பான மனிதரிடமும் இல்லை.

'ஷஹீத்' அப்படியான சொல்லல்ல. நீரில் மூழ்கி மௌத்தானவர் ஷஹீத் என்பது ஹதீஸ். உம்மா வாப்பாமாருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அது மறுமையின் அந்தஸ்தைச் சொல்வது. அன்றைய பாதையின் நிலையைச் சொல்ல வேறு சொல் வேண்டும்.

அந்தச் சொல் வயல்காரரின் வாயிலேயே இருக்கிறது. "தண்ணி றோட்டக் குறுக்கறுத்துப் பாயுது, இழுவ கூட" என்று சொன்னால் போதும். ஆழம் வேறு, இழுவை வேறு. முழங்காலளவு தண்ணீரும் ஆளை இழுக்கும். 'கோரத் தாண்டவ'த்தில் இந்த அறிவு இல்லை. இழுவை என்று எழுதினால் அடுத்த கேள்விகள் தாமாக வரும்: பெட்டியில் பிள்ளைகளை ஏற்றலாமென்று முடிவெடுத்தது யார்? பாதையை மறிக்க வேண்டியவர் யார்?

அனர்த்தம், விபத்து, கவனயீனம் மூன்றும் மூன்று சொற்கள். எது பொருந்தும் என்பதை விசாரணை தீர்க்கட்டும். அதுவரை மூன்றையும் ஒன்றாகக் குழைக்காமல் எழுதுவது எழுதுபவரின் கடமை.