தைக்கப்பட்ட பெயர்கள்

எய்ட்ஸ் நோயால் இறந்தோரின் நினைவாக 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் உருப்பெற்ற எய்ட்ஸ் நினைவுப் போர்வை, ஆவணக் காப்பகமாகவும் மக்கள் கூடிச் செய்த பொதுவெளிக் கலையாகவும் ஒருசேர விளங்குகிறது. ஆயினும் அதன் அழகைத் தையலுக்கு அருகில் நின்று பார்ப்பவரே முழுமையாக உணர்வர். ஒரு கல்லறையின் அளவினதாக, மூன்றடி அகலமும் ஆறடி நீளமும் கொண்டு அமையும் ஒவ்வொரு துணித்துண்டிலும் இறந்தவரின் பெயரோடு அவர் உடுத்திய சட்டையோ கட்டிய கழுத்துப்பட்டையோ கொஞ்சிய பொம்மைக் கரடியோ இடம்பெறக்கூடும். ஜீன்ஸ் துணியின் சொரசொரப்பை அடுத்து வெல்வெட்டின் குழைவும், தோலின் கனத்தை அடுத்து லேஸின் மென்மையும் அமைந்திருக்கும். ஊசி பிடித்தறியாத தந்தையின் கோணல் தையலும் தேர்ந்த கையின் சீரான இழையோட்டமும் அருகருகே, ஒரே மதிப்போடு ஏற்கப்படுவது இக்கலையின் பெருந்தன்மை.

இத்தகைய எட்டுத் துண்டுகளை இணைத்தால் பன்னிரண்டடிச் சதுரமான ஒரு தொகுதி உருவாகிறது. வெள்ளுடை அணிந்த தொண்டர்கள் அதன் மடிப்புகளைப் பேச்சின்றி விரிக்கையில் துணி உரசும் ஓசையும், தொடர்ந்து உரக்க வாசிக்கப்படும் பெயர்களும், கூடியிருப்போரை அசையாமல் நிற்கச் செய்கின்றன. நைந்த ஓரங்களையும் அவிழ்ந்த எழுத்துகளையும் கையாலேயே செப்பனிடுவோரின் பொறுமை தனிப் பாராட்டுக்குரியது. துண்டுகளோடு உறவினர் அனுப்பிய கடிதங்களும் நிழற்படங்களும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டார் வழக்காற்று மையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. போர்வையில் புதிய துண்டுகள் இன்றும் சேர்ந்துவருகின்றன.