கருவியும் வினாவும்

பல்கலைக் கழக வகுப்புகளில் மாணவர் கையில் கொடுக்கப்படும் சிறு வாக்குக் கருவியைப் பலர் பெரிதும் புகழ்கின்றனர். ஆசிரியர் திரையில் ஒரு வினாவையும் சில விடைகளையும் காட்டுவார். மாணவர் தமக்குச் சரியெனப்பட்ட விடைக்குரிய பொத்தானை அழுத்துவர். எதனை எத்தனை பேர் தேர்ந்தனர் என்பது உடனே திரையில் தோன்றும். ‘கிளிக்கர்’ எனப்படும் இக்கருவி உறங்கும் வகுப்பை எழுப்பிவிடும் என்பர். எழுப்புவது கருவிதானா என்று ஆராய்தல் நம் கடன்.

ஹார்வர்டு பல்கலைக் கழகப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் ஒரு முறையைக் கையாளத் தொடங்கி, 1997-இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். கனத்த லாரியும் சிறிய காரும் மோதினால் எது மிகுந்த விசையைச் செலுத்தும்? நியூட்டனின் மூன்றாம் விதியைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவரும் ‘லாரி’ என்றே கூறிவிடுவதுண்டு. இரு விசைகளும் சமம் என்பதே உண்மை. மசூர் முறையில் மாணவர் முதலில் தனித்து விடையளிப்பர், பின்னர் பக்கத்திலிருப்பவரோடு வாதிடுவர், மீண்டும் விடையளிப்பர். அதன் பிறகே ஆசிரியர் விளக்குவார். முறையின் உயிர் அவ்வாதத்திலேயே உள்ளது.

கொலராடோ பல்கலைக் கழக மரபியல் வகுப்பில் நடந்த ஆய்வொன்று 2009-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. குழுவில் ஒருவருக்கும் தொடக்கத்தில் விடை தெரியாவிடினும், கலந்து பேசுவதால் விளக்கம் பிறக்கிறது என அது காட்டிற்று. கனடாவில் லாஸ்ரி என்பார் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வோ, கருவியால் விடையளித்தவருக்கும் வெறும் அட்டையைத் தூக்கிக் காட்டியவருக்கும் கருத்துத் தெளிவில் வேற்றுமை காணவில்லை.

ஆயின் கருவி பயனற்றதன்று. கை தூக்கச் சொன்னால் கெட்டிக்காரனைப் பார்த்துப் பிறரும் தூக்குவர். கருவி இருப்பின் கூச்சமுள்ளவனும் தன் எண்ணத்தைத் தயங்காது தெரிவிப்பான். கணக்கும் நொடியில் கிடைக்கும்.

கேடு எங்கே விளைகிறது? கருவியை வருகைப் பதிவேடாக்கி, அதற்கு மதிப்பெண்ணும் வைக்கும்போதுதான். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 2014-இல், வகுப்புக்கு வராத மாணவரின் கருவிகளை நண்பர்கள் அழுத்தியதாக 60-க்கும் மேற்பட்டோர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. அது அறநெறி பற்றிய பாடமாக இருந்ததுதான் விந்தை! எண்ணிக்கையைக் கேட்டனர், எண்ணிக்கையே கிடைத்தது.

ஆகவே ஆசிரிய அன்பர்கள் கருவியின் விலையை விசாரிக்குமுன், மாணவர் இருவர் தம்முள் வாதிடத்தக்க ஒரு வினா தம்மிடம் உண்டா என்று பார்த்தல் வேண்டும். அத்தகைய வினா இருப்பின் நான்கு வண்ண அட்டைகளே போதும். இல்லையேல், எவ்வளவு உயர்ந்த கருவியும் பொத்தான் அழுத்தும் பழக்கத்தையன்றிப் பிறிதொன்றையும் கற்பிக்காது.